கந்தாயம் கட்டியாச்சு, கணக்கு கேட்க எந்த வழி?

சொத்து வரியைப் பெங்களூருத் தமிழர்கள் கந்தாயம் என்றுதான் சொல்வோம். ஏப்ரலுக்குள் முழுத் தொகையையும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதனால் இங்கே சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்குச் சித்திரைப் பிறப்பும் கந்தாயமும் ஒன்றாகத்தான் ஞாபகம் வரும். 2025 ஏப்ரலில் அந்தக் கணக்கோடு குப்பைக் கட்டணமும் வந்து சேர்ந்தது. கட்டடத்தின் அளவைப் பொறுத்து வீட்டுக்கு மாதம் 10 ரூபாயிலிருந்து 400 ரூபாய் வரை. எங்கள் தெரு மாடி வீட்டு மாமா ரசீதைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "குப்பைக்குத் தனியா காசு வாங்குறாங்க. மோரிக்குப் புது ஸ்லாப் போட்டதா போர்டு வெச்சிருக்காங்க. டிப்பர் எத்தனை நாள் வந்துச்சு, ஸ்லாப் எத்தனைன்னு நம்மள்ல யாராவது எண்ணினோமா?"

யாரும் எண்ணவில்லை. (மோரி என்றால் இங்கே சாக்கடை, டிப்பர் என்றால் குப்பை வண்டி.) அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி, ஞாயிறு மாலைகளில் டெய்லர் கடை மாடியில் இருபது பேர் வரை கூட ஆரம்பித்தோம். கணக்கு கேட்பது என்று முடிவாகிவிட்டது. என்ன உருவத்தில் கேட்பது என்பதில்தான் இரண்டு மாதம் சண்டை. சங்கம் பதிவு செய்ய வேண்டும் என்றார் ஒருவர். ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டால் போதும் என்றார் இன்னொருவர். இருக்கிற குடியிருப்போர் சங்கம் எதற்கு என்று ஒரு கேள்வி, வார்டு கமிட்டியில் நுழையலாம் என்று ஒரு யோசனை. கோர்ட்டுக்கே போய்விடலாம் என்று சொல்ல எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், எங்களுக்கும் இருந்தார்.

பேச்சுக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்ததால் எல்லா வழியையும் விசாரித்துப் பார்த்தது நான்தான். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம் என்று தமிழர்கள் நெருங்கி வாழும் மற்ற இடங்களிலும் இதே பேச்சு நடக்கலாம் என்பதால் எழுதிவைக்கிறேன். என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாலை நேரம். வேலைக்குப் போய்வரும் ஆட்களுக்கு மாதத்தில் நாலைந்து மாலைதான் மிஞ்சும். அதில் எத்தனை மாலை தெருவுக்குப் போகிறது, எத்தனை மாலை நம்மை நாமே நிர்வாகம் செய்வதில் போகிறது என்று பார்த்தேன்.

யார் வரி கட்டுகிறவர்?

முதல் சண்டை பெயரில் வந்தது. "வரி செலுத்துவோர் சங்கம்" என்று மாமா சொன்னார். கந்தாய ரசீது இருப்பவர்கள்தான் உறுப்பினர் என்றும் சேர்த்தார். மூலையில் உட்கார்ந்திருந்த இட்லிக்கடை அக்கா எழுந்துகொண்டார். "அப்ப நான் போறேன். எனக்கு ரசீது இல்லை."

எங்கள் தெருவில் பாதிக்கு மேல் வாடகைக் குடும்பங்கள். வீட்டுக்காரர் கட்டும் கந்தாயம் அவர்கள் கொடுக்கும் வாடகையில்தான் இருக்கிறது. அது மட்டுமில்லை, மாநகராட்சி செலவு செய்வது கந்தாயப் பணத்தை மட்டும் இல்லை. 2025-26க்கு அப்போதைய மாநகராட்சியான பிபிஎம்பி போட்ட பட்ஜெட் 19,927 கோடி ரூபாய். அதே ஆண்டு மாநில அரசு பெங்களூருவுக்குத் தரும் ஆண்டு நிதியை 3,000 கோடியிலிருந்து 7,000 கோடியாக உயர்த்துவதாக அறிவித்தது. மாநில அரசின் பணம் என்றால் அக்கா வாங்கும் சோப்பிலும் கடை சிலிண்டரிலும் போகிற வரியும் அதில் சேர்ந்ததுதான். இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, ரசீது வேண்டாம். தெருவில் இருந்தால் போதும்" என்றார்.

இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. அடுத்து வரும் எல்லா வழிகளிலும், வாடகைக்காரர்களுக்கு உள்ளே இடம் உண்டா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை பாதி விடை. காலை நாலரைக்கு அடுப்பு பற்றவைக்கும் அக்காவுக்குத்தான் குப்பை டிப்பர் எத்தனை மணிக்கு வருகிறது, எந்தெந்த நாள் வரவில்லை என்று தெரியும். ரசீது வைத்திருப்பவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம் பெயர் பற்றியது. பெயரில் 'தமிழர்' என்ற சொல் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை மொழிச் சண்டையில் 18 ஆண்டு மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அந்த ஊரில் இருந்துகொண்டு, மோரிக் கணக்கைக் கேட்கப் போய் அது மொழிப் பிரச்சினை ஆகிவிடக் கூடாது. எதிர் வீட்டுக் கன்னடக்காரரும் மசூதிச் சந்தில் இருக்கும் உருது பேசும் குடும்பங்களும் அதே மோரியைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

இருக்கிற சங்கத்துக்குள் ஒரு துணைக்குழு

குடியிருப்போர் சங்கம் எங்களுக்கும் இருக்கிறது. லெட்டர்ஹெட், முத்திரை, பேங்க் கணக்கு எல்லாம் தயார். அங்கே ஒரு துணைக்குழு அமைப்பதற்கு ஒரே ஒரு மாலை போதும். கணக்குப்படி மிக மலிவான வழி இதுதான்.

ஆனால் அந்தச் சங்கம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கோடையில் தண்ணீர் வராவிட்டால் டேங்கர் வரவழைப்பது, தெருவிளக்கு எரியாவிட்டால் போன் போடுவது, பொங்கலுக்கும் கணேச சதுர்த்திக்கும் பந்தல் போட அனுமதி வாங்குவது. மூன்றும் அதிகாரிகளோடு நல்ல உறவில் இருந்தால்தான் நடக்கும். திங்கட்கிழமை விளக்குக்காகக் கெஞ்சிய வாயால் செவ்வாய்க்கிழமை "பில்லைக் காட்டுங்கள்" என்று கேட்பது எந்தத் தலைவருக்கும் கஷ்டம். அவர்களைக் குறை சொல்லவில்லை. டேங்கர் வராத நாளில் நானும் அவரிடம்தான் போய் நிற்கிறேன். சேவை வாங்கித் தருவது ஒரு வேலை, கணக்கு கேட்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்தால் கணக்குதான் தள்ளிப்போகும்.

தவிர, அந்தச் சங்கத்தின் விதிப்படி வீட்டு உரிமையாளருக்குத்தான் ஓட்டு. அக்கா மறுபடியும் வெளியே.

தனிச் சங்கம் பதிவு செய்வது

கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். நோக்கக் குறிப்பு, விதிமுறைகள், நிர்வாகிகள் பட்டியல் தயாரிக்க வேண்டும். அப்புறம் ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த வரவு செலவு, புதிய நிர்வாகிகள் பட்டியல் என்று வருடா வருடம் பதிவாளருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்காமல் விட்ட சங்கங்கள் இந்த ஊரில் நிறைய. ஊர்க் கணக்கைக் கேட்கப் போன சங்கம், சொந்தக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் நிற்பதைப் போல் அசிங்கம் வேறு இல்லை. டிரஸ்ட் என்றால் வேலை குறைவு. ஆனால் டிரஸ்டிகள் சொன்னதுதான் அங்கே சட்டம், தெருவில் இருப்பவர்களுக்கு ஓட்டே இல்லை. அதை ஐந்து நிமிடத்தில் ஒதுக்கிவிட்டோம்.

பதிவால் என்ன கிடைக்கும் என்று வக்கீல் தம்பியிடம் குடைந்து குடைந்து கேட்டேன். சங்கத்தின் பெயரில் பேங்க் கணக்கு திறக்கலாம், நன்கொடை வாங்கலாம். முக்கியமான ஆள் ஊரை விட்டுப் போனாலும் அமைப்பு நிற்கும். மூன்றுமே உண்மை. ஆனால் நாங்கள் செய்ய நினைக்கும் வேலைக்கு அவசியமான எதற்கும் பதிவு தேவையில்லை. தகவல் உரிமைச் சட்டம் உரிமையைக் கொடுத்திருப்பது குடிமக்களுக்கு. சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதினாலும் கீழே ஓர் ஆளின் பெயர் வேண்டும். ஊழல் புகாரை விசாரிக்கும் லோகாயுக்தாவுக்கு யார் வேண்டுமானாலும் பிரமாணப் பத்திரத்தோடு புகார் கொடுக்கலாம்.

அப்புறம் பதவி. தலைவர், இரண்டு துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் இரண்டு கமிட்டி ஆட்கள். இருபது பேர் கூட்டத்தில் ஏழு பேர் நிர்வாகி ஆனால் மீதிப் பதிமூன்று பேரும் அடுத்த வருடத்துக்குக் காத்திருப்பார்கள். முதல் ஆண்டு பொன்னாடையிலேயே போய்விடும் என்பது என் பயம். பக்கத்துத் தெருவில் ஒரு சங்கம் விதிமுறை எழுதவே நாலு மாதம் எடுத்துக்கொண்டது. அதில் ஒன்றரை மாதம் சின்னத்தில் எந்தப் பறவையைப் போடுவது என்று பேசியிருக்கிறார்கள்.

பெயரில்லாத சிறு குழுவும் பத்து ரூபாயும்

முடிவு எடுக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம் என்று ஒன்றைச் செய்து பார்த்தோம். அதுதான் என் மனதை மாற்றியது.

மோரி வேலை நடந்த இடத்தில் கன்னடத்தில் ஒரு போர்டு இருந்தது. எங்களில் பலருக்குக் கன்னடம் பேசத் தண்ணீர் பட்ட பாடு, வாசிக்க வராது. பியூசி (பிளஸ் டூ) படிக்கும் ஒரு பெண் வாசித்துச் சொன்னாள். காமகாரி என்றால் வேலை, குத்திகெதாரர் என்றால் கான்ட்ராக்டர். ஜாப் நம்பர் (அந்த வேலைக்கு மாநகராட்சி தரும் எண்), தொகை, 120 மீட்டர் நீளம், 200 ஸ்லாப் எல்லாம் அதில் இருந்தன.

டெய்லர் அண்ணன் உடனே தன் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அறுபது அங்குல டேப்பை வைத்துத் தெருவை அளந்தால் எப்படி இருக்கும்? மோரி ஓரமாக நாலு பேர் குனிந்து குனிந்து போக, சின்னப் பையன்கள் பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தார்கள். மூன்று தடவை அளந்து மூன்று கணக்கு வந்தது. மறுவாரம் மேஸ்திரி ஒருவரிடம் முப்பது மீட்டர் டேப் வாங்கி வந்து அளந்தோம். 94 மீட்டர். போர்டில் 120. இருபத்தாறு மீட்டரைக் காணோம்!

அன்று இரவே வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டும் என்று இரண்டு பேர் துடித்தார்கள். வக்கீல் தம்பிதான் கையைப் பிடித்தான். முதலில் பேப்பரைப் பார்ப்போம் என்றான்.

தகவல் உரிமைச் சட்டம், 2005. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் இல்லை. எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கர்நாடகத்தில் கூடுதலாக ஒரு விதி: ஒரு விண்ணப்பத்தில் ஒரு விஷயம்தான், அதுவும் 150 சொல்லுக்குள். பலர் இதைத் தெரியாமல் ஊர்க் குறையெல்லாம் ஒரே தாளில் எழுதித் திரும்பி வாங்குகிறார்கள். எங்களுக்கு இந்த விதி நல்லதாகவே பட்டது. ஒரு வேலை, ஒரு ஜாப் நம்பர், மூன்று காகிதம்: எஸ்டிமேட், அளவுப் புத்தகம், கடைசி பில். 150 சொல் கூடத் தேவைப்படவில்லை.

அளவுப் புத்தகத்தை எம்.பி. புக் என்பார்கள். வேலை எவ்வளவு நடந்தது என்று பொறியாளர் அளந்து எழுதும் புத்தகம் அது. பில் அதை வைத்துத்தான் போடுவார்கள். நகரச் செலவைக் கண்காணிக்கிறோம் என்று சொல்லும் யாரும் பட்ஜெட் உரையை விட முதலில் படிக்க வேண்டியது இதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நகல் வாங்குவது மட்டுமில்லை, நேரில் போய் ஆவணத்தைப் பார்வையிடவும், நடந்த வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது.

பதில் வந்தது. 38 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், மொத்தம் 76. எம்.பி. புக்கில் எங்கள் தெருவில் 94 மீட்டர், பின்பக்கக் கிராஸில் (குறுக்குத் தெருவில்) 26 மீட்டர் என்று பிரித்து எழுதியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். இருபத்தாறு மீட்டர் அங்கே சரியாக இருந்தது. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் எங்கள் மானம் போயிருக்கும்.

சரி, நீளம் முடிந்தது, ஸ்லாபை எண்ணுவோம் என்றார் டெய்லர் அண்ணன். கணக்கில் 200. எண்ணினால் 194. ஆறு இடத்தில் பழைய கடப்பாக் கல்லையே விட்டுவைத்திருந்தார்கள். படம் எடுத்து, எம்.பி. புக்கின் அந்தப் பக்கத்தையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதினோம். சத்தம் போடவில்லை, யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. மூன்று வாரத்தில் ஆறு ஸ்லாப் வந்து இறங்கியது. செலவு: 86 ரூபாயும் ஆட்டோ காசும், ஒன்பது மாலையும்.

இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது. விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் போக வேண்டும், போட்டவர் யார் என்பது கான்ட்ராக்டர் காதுக்குப் போய்விடலாம். அதனால் வாடகைக்கு இருப்பவர் பெயரில் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். யாராவது ஒருவர் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், "மகளுக்கு வீடு வேண்டும், காலி பண்ணுங்க" என்று வந்துவிடும். சொந்த வீடு உள்ளவர்களும் ரிட்டையர் ஆனவர்களும் மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போடுவது, அலுவலகத்துக்குத் தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போவது என்று ஏற்பாடு. கந்தாய ரசீதுக்கு ஒருவழியாக ஓர் உபயோகம் கிடைத்ததில் மாமாவுக்குத் திருப்தி.

இன்னொரு ஓட்டை, ஞாபகம். பதிவில்லாத குழுவின் ஃபைல் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். அவர் வீடு மாறினால் எல்லாம் போச்சு. இரண்டு நகல் எடுத்து இரண்டு வீட்டில் வைத்திருக்கிறோம். இது முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றைச் சொல்லி வைக்கிறேன், மாநகராட்சிப் புகார் எண்ணான 1533க்குப் போன் செய்வதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மோரி அடைத்துக்கொண்டால் 1533. அடைப்பு எடுத்ததாகப் போன மாதம் பில் போட்டார்களா என்று தெரிய வேண்டுமென்றால் ஆர்டிஐ.

வார்டு கமிட்டி

காகிதத்தில் பார்த்தால் இதுவே சிறந்த வழி. 1992-இன் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் நகரங்களில் வார்டு கமிட்டிகள் இருக்க வேண்டும் என்கிறது. கர்நாடகத்தில் 2016-இல் விதிகள் வந்தன. கார்ப்பரேட்டர் (வார்டின் கவுன்சிலர்) தலைவர், அவரோடு பத்து உறுப்பினர்கள். அதில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். மாதம் ஒரு கூட்டம். வேலை முடிந்த பிறகு ஸ்லாபை எண்ணுவதை விட, வேலை தொடங்கும் முன்பே "அந்த மோரி நன்றாகத்தானே இருக்கிறது, இங்கே போடுங்கள்" என்று சொல்ல முடிகிற ஒரே இடம் இதுதான். ஆர்டிஐயில் அந்தச் சக்தி கிடையாது, அது எப்போதும் பின்னால் நடக்கிற வேலை.

ஆனால் தலைவர் நாற்காலியில் உட்கார ஆள் வேண்டுமே. பிபிஎம்பிக்குக் கடைசியாக 2015 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10-இல் முடிந்தது. அதற்குப் பிறகு வார்டுக் கூட்டங்களை அதிகாரிகளை வைத்து நடத்தினார்கள். நடந்த இடத்தில் நடந்தது. 2025 செப்டம்பரில் பிபிஎம்பியே போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்தபோதும் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. 198 ஆக இருந்த வார்டுகள் 369 ஆகப் பிரிந்தன. வார்டு சின்னதாவது எங்களைப் போன்றவர்களுக்கு லாபம்தான், ஒரு கமிட்டி பார்க்க வேண்டிய தெருக்கள் குறையும். தற்போதைக்கு அதனால் வந்தது ஒரு தலைவலி: பழைய வேலைகளின் காகிதங்களில் பழைய வார்டு எண்தான் இருக்கும். அதனால் கேட்கும்போது ஜாப் நம்பரோடு தெருப் பெயரையும் எழுதுகிறோம்.

உள்ளே போனால் கன்னடம் வேண்டும். கூட்டத்தில் பேசுவது பெரிய விஷயமில்லை, கொடுக்கும் காகிதத்தை அங்கேயே வாசித்துக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். பியூசி பெண்ணை இப்போதே தயார் செய்கிறோம். வயது வர வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய அமைப்புகளோடு சேர்வது, கோர்ட், கட்சி

நகர நிர்வாகத்தைக் குடிமக்கள் அளந்து பார்க்கும் பழக்கத்தில் பெங்களூரு இந்தியாவுக்கே முன்னோடி. சாமுவேல் பால் 1994-இல் தொடங்கிய பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர், நகரச் சேவைகளுக்கு மக்களே மதிப்பெண் போடும் ரிப்போர்ட் கார்டைக் கொண்டுவந்தது. முதல் சுற்றுக்குப் பின் 1999-இலும் 2003-இலும் மறுபடி எடுத்தார்கள். 2002-இல் அந்த அமைப்பும் ஜனாக்ரஹா, அக்ஷரா, வாய்சஸ் ஆகிய தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து ப்ரூஃப் என்ற இயக்கத்தைத் தொடங்கின. மாநகராட்சி மூன்று மாதத்துக்கு ஒரு முறை தன் வரவு செலவைப் பொதுவில் வைக்க வேண்டும், மக்கள் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள் என்பது அதன் யோசனை. தகவல் உரிமைச் சட்டம் நாடு முழுக்க வருவதற்கு மூன்று வருடம் முன்பே இது நடந்தது! எங்கள் மாடிக் கூட்டம் இதற்குப் பேரப்பிள்ளை மாதிரி.

2016 அக்டோபரில் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரையான ஸ்டீல் ஃப்ளைஓவரை எதிர்த்து மனிதச் சங்கிலி நின்றதையும் சொல்ல வேண்டும். 1,791 கோடி ரூபாய்த் திட்டம், 2017 மார்ச்சில் அரசு கைவிட்டது. அந்த அளவுப் பணத்தை நிறுத்த டெய்லர் கடை மாடி போதாது. நகரம் முழுக்க ஆள் வேண்டும், வல்லுநர் வேண்டும், ஊடகம் வேண்டும். ஆனால் அவர்கள் யாரும் எங்கள் கிராஸில் வந்து ஸ்லாப் எண்ணப் போவதில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. கூப்பிட்டால் போவோம், பயிற்சி கொடுத்தால் கற்றுக்கொள்வோம். அவர்களுடைய கிளையாக மாறுவதில் எனக்கு விருப்பமில்லை. கிளை ஆனால் அவர்களுடைய படிவத்தை நிரப்புவதிலேயே மாலைகள் போய்விடும்.

கோர்ட் பற்றி ஒரே ஓர் உதாரணம். குப்பை வழக்கு 2012-இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. குப்பையைப் பிரித்துப் போட இரண்டு தொட்டி, ஒரு பை என்று ஊருக்கே ஒரே மாதிரி விதி 2015 டிசம்பர் உத்தரவில் வந்தது. ஊர் முழுக்க விதியை மாற்ற வேண்டுமென்றால் அந்த வழி, பொறுமையும் வக்கீலும் இருந்தால். ஆறு ஸ்லாபுக்கு இல்லை. பெரிய மோசடி என்று காகிதத்தோடு தெரிந்தால் லோகாயுக்தா இருக்கிறது. நடுவில் 2016-இல் ஊழல் வழக்குகளை ஏசிபி என்ற தனி அமைப்புக்கு மாற்றினார்கள், 2022-இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து அதிகாரத்தை லோகாயுக்தாவுக்கே திருப்பியது.

தேர்தலில் நிற்கும் யோசனையும் ஒரு ஞாயிறு வந்தது. மாநகராட்சித் தேர்தலைக் குறிவைத்தே 2020-இல் பெங்களூரு நவநிர்மாண கட்சி என்று ஒன்று தொடங்கினார்கள். அதே வருடம் மன்றத்தின் காலம் முடிந்து தேர்தல் தள்ளிக்கொண்டே போனதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கணக்கு கேட்பவர் ஓட்டும் கேட்டால், அடுத்த நாளிலிருந்து அவர் கேட்கும் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அக்கா சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியில் எடுத்த முடிவு

ஒரு வருடத்துக்குப் பதிவு இல்லை. ஒன்பது பேர் கொண்ட குழு, அதில் நாலு பேர் வாடகைக்காரர்கள், இரண்டு பேர் வீட்டில் தமிழ் பேசாதவர்கள். தலைவர் கிடையாது. பணமாக யாரிடமும் வாங்குவதில்லை, போஸ்டல் ஆர்டருக்கும் நகலுக்கும் ஆகிற சில்லறை டெய்லர் கடை டப்பாவில். அந்த டப்பாவில் எப்போதாவது ஐந்தாயிரத்துக்கு மேல் சேர்ந்தால் அன்றைக்குச் சங்கம் பதிவு செய்ய வேண்டும் என்றும் எழுதிக்கொண்டோம். அடுத்தவர் பணத்தைப் பெயரில்லாத குழு வைத்திருக்கக் கூடாது. குடியிருப்போர் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம்: நாங்கள் டேங்கர் விஷயத்தில் தலையிட மாட்டோம், வார்டு கமிட்டிக்கு ஆள் கேட்கும்போது அவர்கள் லெட்டர்ஹெட்டில் எங்களில் ஒரு பெண்ணின் பெயரைப் பரிந்துரைப்பார்கள்.

நானூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கியாயிற்று. இடப்பக்கம் போர்டில் இருப்பது, வலப்பக்கம் நாம் அளந்தது. குப்பை டிப்பருக்குத் தனிப் பக்கம், அதை அக்கா கடைச் சுவர்க் காலண்டரில் குறித்து மாதக் கடைசியில் கொடுப்பார். முதல் மாதம் நாலு நாள் வட்டம் போட்டிருந்தது. ஒன்றின் பக்கத்தில் 'நானே லேட்டா எந்திரிச்சேன், எண்ண வேண்டாம்' என்று எழுதியிருந்தார்.

டெய்லர் அண்ணன் சொந்தமாக ஒரு முப்பது மீட்டர் டேப் வாங்கிவிட்டார்.